கடன் கொடுப்பது வேலை கொடுப்பது ஆகாது! பெரம்பலூர், அரியலூர் இளைஞர்களே, கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

"வேலை தேடுறவனா இருக்காதே, வேலை கொடுக்கிறவனா மாறு!"

மேடையில் கேட்க நல்லாத்தான் இருக்கு. கல்லூரி ஆண்டு விழாவில் சொல்றாங்க. வேலைவாய்ப்பு முகாமில் சொல்றாங்க. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா வீட்டில் இருக்கிற பையனிடம், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கூட இதைத்தான் சொல்றார்.

ஒரே ஒரு கேள்வி. இதைச் சொல்ற யாராவது, உங்க கடனுக்கு ஒரு தவணை கட்டுவாங்களா?

மாட்டாங்க. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் அப்பாவின் நிலப் பத்திரமும் அம்மாவின் நகையும் சம்பந்தப்பட்ட விஷயம். பத்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள்.

■ பக்கோடா கணக்கு

2018 ஜனவரி. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பிரதமர் மோடி கேட்டார்: உங்கள் அலுவலக வாசலில் ஒருவர் பக்கோடா கடை போட்டு ஒரு நாளைக்கு 200 ரூபாய் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அது வேலைவாய்ப்பா இல்லையா? நாடே விவாதம் பண்ணியது. பக்கோடா விற்பது கேவலமா என்று சண்டை போட்டார்கள்.

பக்கோடா விற்பதில் ஒரு கேவலமும் இல்லை. உழைக்கிற கைக்கு நாம் தலை வணங்குகிறோம். பிரச்சினை மானத்தில் இல்லை, கணக்கில் இருக்கு.

ஒரு நாளைக்கு 200 என்றால், மாதம் 30 நாளும் லீவே போடாமல் கடை போட்டால் 6,000 ரூபாய். அந்தக் கடை வைக்க முத்ரா கடன் 2 லட்சம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, 3 வருஷத் தவணை. மாதம் கட்ட வேண்டியது சுமார் 6,550 ரூபாய். மொத்தச் சம்பாத்தியத்தையும் வங்கியில் கட்டிவிட்டு, மேலே 550 ரூபாய் கடன் வாங்க வேண்டும். சாப்பாட்டுக்கு? மீதியான பக்கோடா!

ஆனால் அரசாங்கப் புள்ளிவிவரத்தில் அவர் 'வேலையில் இருப்பவர்'. அவர் மட்டுமில்லை. அப்பா மளிகைக் கடையில் சம்பளமே இல்லாமல் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் பி.இ. பட்டதாரியும் அந்தக் கணக்கெடுப்பில் 'வேலையில் இருப்பவர்'தான். 'குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி 2017-18-ல் நாட்டில் வேலை செய்பவர்களில் 52.2 சதவீதம் பேர் சுயதொழில். 2023-24-ல் அது 58.4 சதவீதம். அதே காலத்தில் மாதச் சம்பள வேலையின் பங்கு 22.8-லிருந்து 21.7 ஆகக் குறைந்திருக்கிறது. 'தொழில்முனைவோர் தேசம்' என்று இதற்குக் கைதட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் சொந்தமாக எதையோ செய்து பிழைக்கும் கூட்டம் பெருகுகிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

மாநில அரசு என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். அதையும் சொல்வோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. அதுவும் 3 ஆண்டுக்குத்தான். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அந்த 600-ம் கிடையாது. நம்ம ரெண்டு மாவட்டத்திலும் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கோம். எங்களை என்ன கணக்கில் வைத்தீர்கள் ஐயா?

சரி, அரசு வேலைக்குப் போகலாம் என்றால்? 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

ஆக, நம்மில் பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்கும் இடம், "ஏதாவது தொழில் பண்ணலாம்" என்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிவிட்டதால் போய் விழக்கூடாது. கணக்குப் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும்.

■ முதல் கேள்வியே தப்பாகக் கேட்கிறோம்

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும் நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி: "சார், எந்தத் தொழிலுக்கு மானியம் ஜாஸ்தி?"

இது வயிற்றுவலிக்கு மருந்துக் கடைக்குப் போய், "எந்த மாத்திரைக்குத் தள்ளுபடி?" என்று கேட்பது மாதிரி.

திட்டங்கள் இருக்கின்றன. இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமப்புறத்தில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 35 சதவீதம் மானியம். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் 25 சதவீதம். படித்தவர்களுக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை திட்ட மதிப்பு, 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை.

எல்லாம் சரி. இதில் ஒரு திட்டமாவது உங்கள் சரக்கை வாங்க ஒரு ஆளைக் கூட்டிவருமா? வராது. மானியம் செலவைத்தான் குறைக்கும். வாடிக்கையாளரைக் கொண்டுவராது. இந்த ஒரு வரியைச் செல்போன் வால்பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கையில் தரும் பணம் இல்லை. உங்கள் பெயரில் வங்கியில் 3 ஆண்டு பூட்டி வைப்பார்கள். கடையை ஒழுங்காக நடத்தினால்தான் கடனில் கழிப்பார்கள். 'மானியம் வந்ததும் பைக் வாங்கலாம்' என்று நினைக்கிறவர்கள் இப்போதே அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் சரியான முதல் கேள்வி எது? "என்னிடம் யார் வாங்குவார்கள்? அவர்கள் கையில் இருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?"

■ உள்ளூர்க் காசா, வெளியூர்க் காசா?

உங்கள் ஊரில் நாலு ஜெராக்ஸ் கடை இருக்கு. நீங்க அஞ்சாவது வைக்கிறீங்க. ஊரில் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் கூடுமா? கூடாது. நாலு பேர் பங்கு போட்டதை அஞ்சு பேர் பங்கு போடுவோம். நீங்க ஜெயித்தால், கூடப் படித்த ஒருத்தன் கடையை மூடுவான். செல்போன் ரீசார்ஜ், ஜூஸ் கடை, இ-சேவை, சில்லி சிக்கன் வண்டி எல்லாத்துக்கும் இதே கதைதான். அரசாங்கக் கணக்கில் ரெண்டு பேருக்கும் கடன் கொடுத்தாச்சு, ரெண்டு 'தொழில்முனைவோர்' உருவாகியாச்சு! தெருவில் வந்து பார்த்தால் ஒரு ஷட்டர் மூடிக் கிடக்கும்.

வெளியூர்க் காசை உள்ளே கொண்டுவரும் தொழில் அப்படியில்லை. அதில் ஒருத்தர் ஜெயித்தால் இன்னும் நாலு பேருக்கு வழி கிடைக்கும்.

அப்படி என்ன இருக்கு நம்ம ஊரில்? கண்ணைத் திறந்து பாருங்க.

மக்காச்சோளத்தில் தமிழ்நாட்டிலேயே முன்னணி மாவட்டம் பெரம்பலூர். காயவைக்கக் களம் போதாமல் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறோம். அப்படியே லாரி ஏற்றி நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறோம். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். விலை வரும்வரை பட்டறை போட்டுக் காத்திருக்கிறோம். மழை வந்தால் பட்டறையோடு அழுகிப் போகுது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. கொட்டையாக விற்றுவிட்டு, பண்ருட்டியிலிருந்து பருப்பாக வரும்போது விலை கேட்டு மலைக்கிறோம். அரியலூரில் சுண்ணாம்புக்கல். சுற்றிச் சுற்றி சிமெண்ட் ஆலைகள். புழுதி நமக்கு, மூட்டை ஊருக்கு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பம் எங்கே கிடைக்கும் என்று நம்ம மாவட்டத்துக்காரர்களையே கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

நம்ம ஊர்ச் சரக்கு லாரி ஏறிப் போகுது. பின்னாடியே நம்ம பிள்ளைங்க பஸ் ஏறிப் போறாங்க. திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர். ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மதிப்பு கூட்டும் வேலை இங்கே நடக்கவில்லை.

அதனால் தொழில் யோசிக்கும்போது இந்த வரிசையில் யோசியுங்கள். இங்கே விளைவதைத் தரம் பிரிக்க, காயவைக்க, உரிக்க, உடைக்க, பொட்டலம் போட்டு வெளியூருக்கு விற்க முடியுமா? இங்கே இருக்கும் ஆலைகளுக்கும், எறையூர் சிப்காட்டில் வந்திருக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் தேவைப்படும் எதையாவது செய்து கொடுக்க முடியுமா? சீருடை தைப்பது, அட்டைப் பெட்டி, மெஷின் பழுது பார்ப்பது, ஆட்களுக்குச் சாப்பாடு, வண்டி. இதெல்லாம் வெளியூர்க் காசு. இது ஒன்றும் சரிப்படவில்லை என்றால் மட்டும் உள்ளூர்க் கடைக்கு வாருங்கள்.

■ கையெழுத்துக்கு முன் மூன்று கணக்கு

ஒன்று: எண்ணும் கணக்கு.
நீங்க வைக்க நினைக்கும் அதே மாதிரிக் கடை எதிரே மூணு நாள் நில்லுங்க. ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, ஒரு சந்தை நாள். காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தர் எவ்வளவுக்கு வாங்கினார், எத்தனை பேர் கடன் சொல்லிட்டுப் போனாங்க என்று எழுதுங்க. இதற்கு ஆகும் செலவு மூணு டீ. ஆடிட்டர் அலுவலகத்தில் காசு கொடுத்து வாங்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இது இருக்காது. அதில் முதல் வருஷமே 70 சதவீத உற்பத்தி, எல்லாச் சரக்கும் விற்பனை, எல்லாரும் ரொக்கம் என்று போட்டிருக்கும். ஊர் பெயரை மட்டும் மாற்றினால் அதே அறிக்கை கன்னியாகுமரிக்கும் பொருந்தும். உங்கள் அறிக்கையை நீங்களே எழுதுங்கள். வங்கி மேலாளர் கேட்கும் கேள்விக்கு நீங்க பதில் சொல்ல முடியணும், ஆடிட்டர் இல்லை.

இரண்டு: நாள் கணக்கு.
10 லட்சம் ரூபாய் திட்டம், கிராமத்தில், 35 சதவீதப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 50,000. மானியம் 3.5 லட்சம். நிகரக் கடன் 6 லட்சம். 11 சதவீத வட்டியில் 5 ஆண்டு கட்டினால் மாதத் தவணை சுமார் 13,000. வாடகை 6,000. கரண்ட் 4,000. உதவிக்கு ஒரு ஆள் 10,000. உங்கள் வீட்டுச் செலவு 12,000. அதை விட்டுடாதீங்க. எல்லா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் முதலாளி காற்றைக் குடித்து உயிர் வாழ்வார் என்றுதான் எழுதியிருக்கும்!

மொத்தம் 45,000. மாதம் 26 நாள் கடை. ஒரு நாளைக்கு 1,731 ரூபாய் லாபம் நின்றால்தான் கையைக் கடிக்காது. 100 ரூபாய் விற்றால் 20 ரூபாய் நிற்கும் தொழில் என்றால், தினமும் சுமார் 8,650 ரூபாய்க்கு விற்கணும். மழை நாளிலும், மாசக் கடைசியிலும். இப்போ முதல் கணக்கை எடுத்துப் பாருங்க. மூணு நாள் நின்று எண்ணினீங்களே, அந்தக் கடை ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றது? அந்த எண் 8,650-க்குக் கீழே இருந்தால் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வையுங்க. வேறு தொழில் பார்க்கலாம், இல்லை இதையே கால்வாசி அளவில் வீட்டுத் திண்ணையில் ஆரம்பிக்கலாம்.

மூன்று: நிறுத்தும் கணக்கு.
இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருத்தரிடம் கொடுங்க: 'ஆறு மாசத்தில் நாள் விற்பனை இவ்வளவு வரவில்லை என்றால் நிறுத்துவேன். இதுக்கு மேல் ஒரு ரூபாய் போட மாட்டேன்.' தொழில் நட்டமானால் யாரும் சாவதில்லை. தவணை கட்ட நகைக்கடன், நகையை மீட்க மைக்ரோ பைனான்ஸ், அதைக் கட்டக் கந்துவட்டி என்று அடுக்கும்போதுதான் குடும்பம் முழுகுகிறது. மெஷினை விற்றாவது வெளியே வரலாம். வீட்டுப் பத்திரம் உள்ளே போய்விட்டால் வெளியே வருவது கஷ்டம்.

■ மூன்று பேரிடம் உஷார்

முதலாவது, மெஷின் விற்கிறவர். 'நீங்க தயாரிங்க, நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்' என்று சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெருந்துறை ஈமு கோழி ஞாபகம் இருக்கா? பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை என்று சொன்னார்கள். விளம்பரத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 2012 ஆகஸ்டில் நிறுவனம் கவிழ்ந்தது. கொங்கு மண்டலத்தில் படித்தவர், விவசாயி, ஓய்வு பெற்றவர் என்று ஆயிரக்கணக்கான பேர் பணம் போனது. பசியில் கத்திய பறவைகளுக்குத் தீவனம் போட அரசு இறங்க வேண்டி வந்தது. உண்மையிலேயே லாபம் வரும் தொழிலாக இருந்தால், அவர் ஏன் மெஷினை உங்களுக்கு விற்கிறார்? அவரே ஓட்டலாமே! இன்னொன்று, மானியத்தைப் பற்றி வாயே திறக்காமல் மூணு இடத்தில் விலை கேளுங்கள். மானியம் வரும் என்று தெரிந்தால் மெஷின் விலையும் கூடவே ஏறும்.

இரண்டாவது, 'கடன் வாங்கித் தர்றேன்' என்கிற புரோக்கர். இந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. 'உத்யம்' பதிவும் இலவசம். சின்ன உணவுத் தொழிலுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் உங்கள் முதல் செலவு இல்லை, முதல் நட்டம்.

மூன்றாவது, பத்திரம் கேட்கும் வங்கிக் கிளை. சிறுதொழில்களுக்கு 10 லட்சம் வரை கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. வங்கிக்கு நட்டம் வந்தால் ஈடுகட்ட அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது. அப்படியும் 'வீட்டுப் பத்திரம் கொண்டு வாப்பா' என்றால், "சார், அதை எழுத்தில் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடுங்கள். 14448-ல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

தொழில் ஓடத் தொடங்கியபின் நாலாவதாக ஒருத்தர் வருவார். சரக்கு வாங்கிவிட்டு ஆறு மாசம் காசு தராத பெரிய கம்பெனி. உத்யம் பதிவுள்ள உற்பத்தி, சேவைத் தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தே ஆக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லில் தேதி, உத்யம் எண் ரெண்டையும் போட்டுப் பழகுங்கள்.

■ பயிற்சி? கண்டிப்பாகப் போங்க

மாவட்டத்தில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். 1982-ல் கர்நாடகாவின் தர்மஸ்தலா கோயில் அறக்கட்டளையும் ரெண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய மாதிரியைப் பார்த்து நாடு முழுக்க வந்தவை இவை. போங்க. ஆனால் சான்றிதழுக்காகப் போகாதீங்க. பயிற்சி முடிந்ததும் அதே தொழில் செய்யும் ஒருவரிடம் மூணு மாசம் சம்பளத்துக்கு வேலை பாருங்க. சரக்கு எங்கே வாங்குறாங்க, எதில் வீணாகுது, யார் கடன் சொல்றாங்க என்று கற்றுக்கொள்ள அதைவிட மலிவான கல்லூரி கிடையாது. 'இன்ஜினியரிங் படிச்சுட்டு இங்கே வேலையா?' என்று கேட்கிறவன் உங்கள் தவணையைக் கட்டப் போவதில்லை.

■ இப்போ அரசாங்கத்துக்கு

இவ்வளவும் நம்ம பக்கக் கணக்கு. உங்க பக்கக் கணக்கை எப்போ காட்டப் போறீங்க?

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கு 1990-களில் நிலம் எடுத்தீங்க. மின் நிலையம் வரவே இல்லை. திருமாந்துறையில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குச் சுமார் 3,000 ஏக்கர் எடுத்தீங்க. பத்து வருஷத்துக்கு மேல் கருவேல முள்தான் முளைத்தது. யாராவது அந்தக் கம்பெனிக்காரர்களிடம் 'நாள் விற்பனை எவ்வளவு' என்று கேட்டீங்களா? ஆனால் கடன் வாங்கிய நம்ம பையன் 90 நாள் தவணை தவறினால் அது வாராக்கடன். சிபில் மதிப்பெண் போச்சு. அப்புறம் வீட்டுக்கடன் கிடைப்பதும் கஷ்டம்.

எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் காலணித் தொழிற்சாலைகள் என்றால் வரவேற்கிறோம். ஆனால் எல்லாரும் ஷூ தைக்க முடியாது. மற்றவர்களுக்கு வழி 'கடன் வாங்கிக்கோ' என்பது மட்டும்தானா?

ஜெர்மனியில் வேலையிழந்த ஒருவர் தொழில் தொடங்க வந்தால், முதல் 6 மாதம் அவருடைய வேலையின்மை உதவித்தொகையோடு மாதம் 300 யூரோ சேர்த்துத் தருகிறார்கள். பிறகு தொழில் முழுமூச்சாக நடந்தால் இன்னும் 9 மாதம் அந்த 300 யூரோ. அதற்கு முன்னால் திட்டம் தேறுமா என்று விஷயம் தெரிந்த அமைப்பு ஒன்று பார்த்துச் சான்று தர வேண்டும். கவனியுங்கள், அது மெஷினுக்கு இல்லை, அரிசி பருப்புக்கு! புதுத் தொழில் முதல் ஆறு மாதத்தில் சோறு போடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கோ மாதம் 600, இன்ஜினியருக்கு அதுவும் இல்லை.

நம் கோரிக்கைகள் ஐந்து:

1. ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையமும் 'இத்தனை கோடி கடன் கொடுத்தோம்' என்று சொல்வதோடு நிறுத்தக்கூடாது. 3 ஆண்டுக்கு முன் கடன் வாங்கிய தொழில்களில் எத்தனை இன்று ஓடுகின்றன, தொழில் வாரியாக, வட்டார வாரியாக வெளியிட வேண்டும். எந்தத் தொழில் நிற்கும், எது கவிழும் என்று அடுத்து வருகிறவனுக்குத் தெரியட்டும்.

2. தொழில் தொடங்கும் வேலையற்ற இளைஞருக்கு முதல் 6 மாதம் பிழைப்பூதியம். தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்ற விதியை நீக்க வேண்டும்.

3. மக்காச்சோளத்துக்குப் பொது உலர்த்தும் நிலையம், சின்ன வெங்காயத்துக்குக் காற்றோட்டமான சேமிப்புக் கிடங்கு, முந்திரிக்குப் பொது உடைப்பு, தரம் பிரிப்பு நிலையம். ஒரு தனி இளைஞன் 10 லட்சம் கடனில் இதைக் கட்ட முடியாது. அரசு கட்டி, வாடகைக்கு விடட்டும்.

4. விடுதி, சத்துணவு, அரசு மருத்துவமனை, சிமெண்ட் ஆலை, சிப்காட் தொழிற்சாலை எல்லாம் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கை மாவட்டத்தின் புதிய சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும். கடனைவிட ஒரு நிச்சயமான ஆர்டர் பெரியது.

5. 10 லட்சத்துக்குக் கீழே உள்ள கடனுக்குப் பத்திரம் கேட்கும் கிளை மீது மாவட்ட ஆட்சியரின் வங்கியாளர் கூட்டத்தில் பெயர் சொல்லி நடவடிக்கை.

இதில் எது நடக்க முடியாதது? சொல்லுங்கள் பார்ப்போம்.

தம்பிகளே, தங்கைகளே, தொழில் பண்ணுங்கள். ஆனால் யாரோ கைதட்டினார்கள் என்று பண்ணாதீர்கள். எண்ணிப் பார்த்துப் பண்ணுங்கள். நாள் கணக்கு தேறவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் தொழில் அறிவுதான். நீங்கள் தொழில் தொடங்கவில்லை என்பதால் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் வரவில்லை. அதற்குப் பொறுப்பானவர்கள் ஓட்டுக் கேட்டு நம்ம தெருவுக்கு வருவார்கள். வரும்போது இந்த ஐந்து கோரிக்கையையும் நீட்டுங்கள். "அண்ணே, இதுல எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க?" என்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் கடன் வாங்கித் தொடங்கி இன்றும் ஓடும் தொழில் எது, மூடிய தொழில் எது? ஊர் பெயரும் தொழில் பெயரும் மட்டும் கமெண்ட்டில் போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம். அரசு வெளியிடாத பட்டியலை நாமே தொகுப்போம்.

லோன் விண்ணப்பம் கையில் வைத்திருக்கும் ஒரு நண்பருக்காவது இந்தப் பதிவை இன்றே அனுப்புங்கள்.

#கடன்_வேலை_அல்ல
#கணக்குப்_போடு_கையெழுத்துப்_போடு
#பெரம்பலூர் #அரியலூர்